பின்னணி இல்லாத பறவைகள்

“கூட்டாளி எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தது” என்று சொல்ல ஓவியர்கள் கூச்சப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்த வரி ஓவியத்தின் அடியிலேயே ஏறிவிட்டது. கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையோர விடுதிகளில் மஞ்சட்காதுச் சின்னானும் மங்கல்நீல ஈப்பிடிப்பானும் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பாடசாலைச் சித்திரக் கண்காட்சிகளுக்குப் போனால் அங்கும் அதே பறவைகள், அதே கழுத்துத் திருப்பம், அதே வழுவழுப்பான பச்சை. கொத்மலைப் பக்கத்து இளம் ஓவியர் ஒருவரிடம் இதைக் குறையாகச் சொன்னேன். அவர் தந்த பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது. “பறவையைச் சுடல்ல, கூண்டுல போடல்ல, யாருடைய படத்தையும் களவெடுக்கவும் இல்ல. கூட்டாளி விரும்பித் தந்தது. இதுல என்ன பிழை, சேர்?”

அவர் சொன்ன மூன்றுமே சரி. ஜோன் ஜேம்ஸ் ஓடுபன் தம்முடைய ‘அமெரிக்காவின் பறவைகள்’ நூலுக்காகப் பறவைகளைச் சுட்டுக் கொன்று, உடலுக்குள் கம்பியைச் செருகி நிறுத்தி வைத்து வரைந்தவர். அதோடு ஒப்பிட்டால் கூட்டாளியின் கமராவைக் கும்பிடலாம். ஓவியனின் கண்ணைக் கமரா திருத்தியதும் உண்டு. ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் பந்தயக் குதிரைகள் முன்கால்களையும் பின்கால்களையும் ஒரே நேரத்தில் நீட்டிக்கொண்டு காற்றில் மிதக்கும். எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை என்பதை மைபிரிட்ஜின் படங்கள் 1878இல் காட்டிக் கொடுத்தன. காசு விஷயத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பறவை எடுக்கத் தக்க ஒரு லென்சின் விலை, தோட்டத் தொழிலாளி ஒருவரின் ஒரு வருடச் சம்பளத்தையும் தாண்டும். அதை வைத்திருக்கும் நண்பன் கேட்காமலே படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பது நல்ல மனசு.

சட்டம்கூட அந்த இளம் ஓவியர் பக்கம்தான். பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த படத்திலிருந்து அண்டி வோர்ஹோல் செய்த ஓவியத்தை ஒட்டிய வழக்கில், 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படமெடுத்தவர் பக்கம் நின்றது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் அனுமதி இல்லாத இடத்துக்கானவை. அனுமதி கிடைத்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது.

என்னுடைய குறை பறவையைப் பற்றியதே இல்லை. பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. பல வருடங்களாக நான் சொல்லி, பலர் கேட்டுச் சலித்த குறைதான்.

600 மில்லிமீற்றர் லென்சில், 5.6 துவாரத்தில், எட்டு மீற்றருக்கு அப்பால் இருக்கும் பறவையைக் குறி வைத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர். மஞ்சட்காதுச் சின்னான் அலகிலிருந்து வால் நுனி வரை இருபது சென்ரிமீற்றர் வரும். ஆகவே கண் தெளிவாக விழுந்தால் வாலே கொஞ்சம் கரைந்துவிடும். வாலுக்கு அப்பால் இருப்பது எதுவானாலும், லயத்துத் தகரக் கூரையோ மின்கம்பியோ உர மூட்டையோ, எல்லாம் உருகி ஒரே பச்சைக் கூழாகிவிடும். படமெடுப்பவருக்கு வேண்டியதும் அதுதான். கூரை தெரிந்தால் இரண்டு எட்டு தள்ளி நின்று, தேயிலைப் பச்சை பின்னால் விழும்படி பார்த்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடியின் இயல்புக்குள் நின்று அவர் தன் தொழிலைச் செய்கிறார்.

தூரிகைக்குத் துவாரம் கிடையாது. ஆறு சென்ரிமீற்றர் கட்டுப்பாடு அதற்கு இல்லை. பறவையையும் அது உட்கார்ந்த மரத்தையும் மரத்துக்குப் பின்னால் இருக்கும் மலையையும் மலைக்கு மேலே போகும் பாதையையும் ஒரே தெளிவில் தீட்ட அதனால் முடியும். ஓவியம் என்ற கலைக்குக் கமராவை விட இன்னும் மிஞ்சியிருக்கும் பெரிய உரிமை அது. அந்த உரிமையை நம் ஓவியர்கள் கேட்டுக்கூடப் பார்க்காமல் கையளித்துவிடுகிறார்கள். சிலர் பின்னணியில் வட்டவட்டமான ஒளிப்பொட்டுகளைக்கூடச் சின்னத் தூரிகையால் பொறுமையாக வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். இலைகளுக்கு இடையே வரும் வெளிச்சம் குவியாமல் லென்சின் துவார வடிவில் விரிவதால் உண்டாகும் வட்டம் அது. கொத்மலையில் எந்த மனிதக் கண்ணும் அப்படி ஒரு வட்டத்தைப் பார்த்ததில்லை. ஒரு கருவியின் குறைபாட்டை மலையின் அழகென்று நினைத்து வரைந்து வைத்திருக்கிறார்கள்.

“இது மலைநாடு சேர், மூடுபனி. பின்னால் ஒன்றும் தெரியாதுதானே?” என்பது இதற்கு வரும் வழக்கமான மறுமொழி. மூடுபனியில் வளர்ந்தவர்கள் இதைச் சொல்லக் கூடாது. பனி தூரத்துக்குத் தூரம் வேறுபடும். பக்கத்துத் தேயிலைச் செடி ஈரத்தோடு கறுத்து நிற்கும், பத்து எட்டுக்கு அப்பால் நிழல் மரம் சாம்பலாகும், அதற்கப்பால் கொழுந்து பறிப்பவர்களின் தலைத்துணி மட்டும் நிறமாக அசையும், பிறகு ஒன்றுமிருக்காது. பனி பறவையையும் விட்டுவைக்காது. லென்சின் மங்கலோ பறவையின் ஒவ்வொரு இறகையும் ஊசி முனையில் காட்டிவிட்டு, ஒரு சாண் பின்னால் உலகத்தையே துடைத்துவிடும். இந்த இரண்டையும் ஒன்றென்று சொல்பவர் பனிக்குள் நின்று ஒரு நாளும் வரைந்து பார்க்கவில்லை.

எதைத் துடைக்கிறோம் என்று கொஞ்சம் பார்க்கலாம்.

கவ்வாத்து வெட்டிய மலையில், மொட்டைத் தேயிலைக் கிளையின் நுனியில் வந்து உட்கார்ந்து, தரைக்கு இறங்கிப் பூச்சியைக் கொத்தி, மறுபடி அதே நுனிக்குத் திரும்பும் ஒரு கறுப்புக் குருவி உண்டு. சிறகிலும் இடுப்பிலும் வெள்ளை. புதர்ச்சிட்டு. இலங்கையில் அது மலைநாட்டுக்கே உரியது. தேயிலையை விட்டுப் பிரித்து இந்தப் பறவையை விளங்கிக்கொள்ளவே முடியாது. தோட்டத்தின் திறந்த வெளியில்தான் அதன் சீவியம். மலைத் தகைவிலான் லயத்து இறவாரத்திலும் தேயிலை ஸ்டோரின் கூரை மூலையிலும் சேற்றால் கூடு கட்டுகிறது. செப்டெம்பர் வாக்கில் வடக்கிலிருந்து வந்து சேரும் சாம்பல் வாலாட்டி, பெண்கள் துணி துவைக்கும் பீலிக்கரையில் கல்லுக்குக் கல் தாவி வாலை ஆட்டிக்கொண்டு திரியும். முள்முருங்கை சிவக்கப் பூக்கும் காலத்தில் சின்னான் கூட்டம் லயத்துக் கோடி வரை இறங்கி வரும். இவையெல்லாம் மனித வாசத்தோடு ஒட்டி வாழும் பறவைகள். கொழுந்துக் கூடை சுமக்கும் பெண் நாளைக்குப் பல தடவை பார்க்கும் பறவைகள். பச்சைக் கூழின் முன்னால் உட்கார வைத்த உடனே இவை எந்த நாட்டுக் காட்டுப் பறவையாகவும் ஆகிவிடுகின்றன.

கொத்மலை நீர்த்தேக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகாவலித் திட்டத்தில் சுவீடன் உதவியோடு 1979இல் தொடங்கி, 1985இல் திறந்த அணை. உயரம் 87 மீற்றர். வயல்களும் ஊர்களும் நீருக்கடியில் போயின; குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தன. வரட்சியில் நீர் இறங்கினால் கடதொர விகாரையின் சிதைவு இன்றும் வெளியே வரும். இந்த நீரின் நடுவே ஒரு பட்ட மரத்தில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்தினால், அந்த மரம் எந்தத் தோப்பில் நின்றது என்று கேட்கத் தோன்றாதா? டெலிபோட்டோ லென்ஸ் அந்தக் கேள்விக்கு இடம் வைக்காது. சிறகு, கிளை, நீலம். அவ்வளவுதான். ஓவியரும் அதையே வரைந்து ‘கொத்மலையில் நீர்க்காகம்’ என்று பெயர் எழுதுகிறார். படத்தில் கொத்மலை எங்கே?

இன்னும் உறுத்துவது ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒரு படத்தில் இருக்கிறாள், தேயிலைப் பெட்டியின் மேல், பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டு. பறவை இன்னொரு படத்தில், விடுதிச் சுவரில். இரண்டும் ஒரே தாளில் வந்து நான் பார்த்ததில்லை. உல்லாசப் பயணிக்கு மலைநாட்டை விற்பவர்கள் அப்படித்தான் பிரித்து வைப்பார்கள்; அவர்களுக்கு லயம் தெரியாத பறவையும், பறவை தெரியாத உழைப்பும் வேண்டும். ஆனால் லயத்தில் பிறந்த பிள்ளை, சாளரத்தைத் திறந்தால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் பிள்ளை, எதற்காக அதே கத்தரியை எடுக்க வேண்டும்? போட்டோவை எடுத்தவர் கொழும்பிலிருந்து வார இறுதிக்கு வந்தவராக இருக்கலாம். அவருடைய சட்டகம் அவருக்குப் பொருந்தும். அதைக் கடன் வாங்கியவர், தம் வீட்டுக் கூரையைத் தம் கையாலேயே துடைத்துவிடுகிறார். இது எனக்கு வெறும் நுட்பக் குறையாகப் படவில்லை.

இந்த மலைநாட்டிலேயே வேறு வழியில் வரைந்தவர்கள் இருந்தார்கள். மரியான் நோர்த் 1876க்கும் 1877க்கும் இடையில் இலங்கைக்கு வந்து செடிகொடிகளை வரைந்தார். அந்தக் காலத்துத் தாவர ஓவியம் ஒரு கிளையை ஒடித்து வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டும். அவர் பூவுக்குப் பின்னால் அது வளர்ந்த மண்ணையும் வானத்தையும் சேர்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். லண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் திறந்த அவருடைய கூடத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள் இன்றும் நெருக்கி மாட்டப்பட்டிருக்கின்றன. 1877 ஜனவரியில் அவர் களுத்துறைக்குப் போனபோது ஜூலியா மார்கரெட் கமரன் அவரைப் படமெடுத்தார். கமரனும் மங்கலை விரும்பியவர்தான். அதற்காகத் திட்டும் வாங்கியவர். அவருடைய மங்கல் அவர் தேர்ந்தெடுத்த மங்கல். தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மங்கலை நான் எதிர்க்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். சொந்த மங்கலாக இருக்கட்டும்.

பறவைக்கு வந்தால் ஜி. எம். ஹென்றி. 1891இல் கடுகண்ணாவைப் பக்கத்துக் கெஹெல்வத்தை தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் அங்கே தோட்ட நிர்வாகி. பிறகு கொழும்பு அருங்காட்சியகத்தில் சித்திரக்காரராகச் சேர்ந்து, பூச்சியியலுக்கு மாறி, 1946 வரை வேலை பார்த்தார். 1955இல் வந்த அவருடைய இலங்கைப் பறவை வழிகாட்டியில் படமும் எழுத்தும் அவருடையவையே. அருங்காட்சியகத்துப் பறவைத் தோல்கள் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றோடு நின்றுவிடாமல் நேரில் பார்த்தார் என்பது, பறவையின் நடையையும் குரலையும் கூட்டையும் அவர் எழுதும் விதத்திலேயே தெரியும். துரை வீட்டுப் பிள்ளைக்கு ஓய்வு இருந்தது, லயத்துப் பிள்ளைக்கு அது ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் புதர்ச்சிட்டைப் பார்க்க ஓய்வு வேண்டாம். அது வேலைக்குப் போகும் வழியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

தமிழில் இதற்கு மா. கிருஷ்ணனைவிட நல்ல சாட்சி இல்லை. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கைப் பத்தி எழுதினார். கறுப்பு வெள்ளைப் படங்களைத் தாமே எடுத்தார், கோட்டோவியங்களையும் தாமே வரைந்தார். கமராவும் பேனாவும் ஒரே ஆளின் கையில் இருந்ததால், எந்தச் சமயத்தில் எதை எடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கமராவை வெறுத்து ஓவியத்தைப் புகழ்கிறேன் என்று என்னைச் சொல்பவர்கள் அவரைப் பார்க்க வேண்டும். அவருக்கு இன்னொருவரின் பார்வை தேவைப்படவில்லை என்பதே என் வாதம்.

இரவல் பார்வை புதிதும் அல்ல. 1750களில் இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டனுக்காகப் பீற்றர் டி பெவர் இங்கிருந்தே பறவைகளை வரைந்தார். இங்கேயே பிறந்த கலப்பு வம்சத்துக்காரர். அந்தப் படங்கள் ஐரோப்பாவுக்குப் போய், 1776இல் பீற்றர் பிறவுண் வெளியிட்ட விலங்கியல் நூலில் படிகளாக இடம்பெற்றன. பிறவுணுக்கும் பறவைக்கும் நடுவே கடல் கிடந்தது; அவரை மன்னிக்கலாம். லெகேயின் பெரிய இலங்கைப் பறவை நூலுக்கு, 1878 முதல் 1880 வரை, கொய்லெமன்ஸ் இங்கிலாந்தில் இருந்தபடி வரைந்து கொடுத்தார். அவரையும் மன்னிக்கலாம். லயத்து வாசலில் பறவை நிற்க, கைப்பேசித் திரையைப் பெரிதாக்கி அதே பறவையை வரைபவரை எந்தக் கடலைக் காரணம் காட்டி மன்னிப்பது?

அடையாள நூல்களின் வெள்ளைத் தாளிலும் பின்னணி இல்லையே என்றால், அங்கே வெள்ளை நேர்மையானது. “இந்தப் படத்துக்கு இடம் கிடையாது, இறகை மட்டும் பார்” என்று அது முகத்துக்கு நேரே சொல்கிறது. பச்சைக் கூழ் அப்படிச் சொல்வதில்லை. இடம் இருப்பதுபோல் பாவனை செய்து, எந்த இடமும் இல்லாமல் முடிகிறது. மத்திய வங்கியின் 2010 வரிசை நாணயத்தாள்கள்கூட இதில் தேவலை. ஆயிரம் ரூபாத் தாளில் இலங்கைத் தொங்குகிளிக்கு அருகில் ரம்பொடைச் சுரங்கப் பாதை இருக்கிறது. ஐயாயிரம் ரூபாத் தாளில் மஞ்சட்காதுச் சின்னானோடு அணைக்கட்டு. ஒட்டுவேலைதான், கலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பறவையும் மனிதன் குடைந்த மலையும் ஒரே நாட்டில் இருக்கின்றன என்பதை ஒத்துக்கொள்ள அரசாங்கத்தின் பணத்தாளுக்குக் கூச்சமில்லை. கண்காட்சி ஓவியங்களுக்குத்தான் கூச்சம்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். மலைக்காட்டு ஓடைகளில் வாழும் இலங்கைச் சீகாரப் பூங்குருவி விடியலிலும் அந்தியிலும் அரையிருட்டில்தான் வெளியே வரும். அதன் தோளில் உள்ள நீலம் சாயமல்ல; இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறி வருவது. வெளிச்சம் மாறினால் நீலமும் மாறும், சில கோணத்தில் இல்லாமலே போகும். படமெடுத்தவர் கமராவின் உணர்திறனை ஏற்றி, கணினியில் நிழலைத் தூக்கிவிட்டு அனுப்புகிறார். ஓவியர் அந்த வெளிச்சத்தை நம்பி, நண்பகல் வெயிலில் நிற்கும் மயில் நீலத்தில் ஒரு பறவையைத் தீட்டுகிறார். அந்தப் பறவை அந்த வெளிச்சத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. நண்பர் தம் கணினியில் செய்த திருத்தம் ஓவியத்தில் உண்மையாகிவிடுகிறது. அதைத் திருத்த, ஓடைக்குப் போய்ப் பார்த்திருந்தாலொழிய, ஓவியரிடம் ஒரு வழியும் இல்லை.

என் தீர்ப்பு கடுமையாகத் தெரியலாம். சுவரில் தொங்கும் இந்தப் படங்களில் பாதிக்கு மேல் நல்ல கைவேலை. ஓவியம் என்று ஒப்ப எனக்கு மனம் வரவில்லை. இறகை எண்ணி வைத்திருக்கும் பொறுமைக்குப் பரிசு கொடுக்கலாம், பார்த்ததற்கு அல்ல. கோணலாக வரைந்த ஒரு புதர்ச்சிட்டு, பின்னால் லயத்துக் கூரையோடும் கொடியில் காயும் துணியோடும் வந்தால், அதை நான் முதலில் மாட்டுவேன்.

கண்காட்சி நடத்துபவர்களிடம் கேட்பது இதுதான். படமெடுத்தவரின் பெயரை எழுதச் சொல்லுங்கள், அது அவருடைய உரிமை. அதோடு, எந்தத் தோட்டம், எந்த மரம், எந்த நேரம் என்று ஓவியரையும் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவரின் படத்தைப் பரிசுக்கு எடுக்காதீர்கள். கொத்மலைத் தம்பிக்கும் ஒரு வார்த்தை: கூட்டாளியின் படத்தை எறிய வேண்டாம், இறகின் அடுக்குக்கும் காலின் மடிப்புக்கும் அது உதவும். பறவைக்குப் பின்னால் வருவதை மட்டும் பீலிக்கரைக்கோ மலைக்கோ போய், பென்சிலோடு நின்று, நீங்களே பார்த்து வரையுங்கள். அதற்கு லென்ஸ் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.